முதுகுக்குப் பின்னால் இரண்டு வரிசை

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "யாரு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்பாய். அதனால் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

நீ தொலைபேசி வயரைப் பிடுங்கிப் போட்ட நாளிலிருந்து என் கையெழுத்து நன்றாகத் திருந்திவிட்டது. உன் தம்பி பெண்டாட்டி கிண்டல் பண்ணுகிறாள். "எனக்கு ஒரு வரி எழுதினதில்ல, அக்காவுக்கு மட்டும் பக்கம் பக்கமா" என்கிறாள். அவள் கேட்கச் சொன்ன கேள்வியையும் எழுதிவிடுகிறேன்: சாப்பிடுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். பகலெல்லாம் பியானோ சுருதி சேர்க்கப் போகிறேன், வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். இந்த மழைக்காலம் முழுக்க நம் ஜாஸ் குழுவுக்காக ஒரு பெரிய இசைத் தொகுப்பு எழுதினேன். டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் எல்லாம் வழக்கம் போல. கூடவே வயலின்கள், ஒரு புல்லாங்குழல். சினிமாவில் யாரோ யாரையோ பின்தொடரும்போது வருமே, அந்த மாதிரி பெரிய சத்தம். ஆனால் அடியில் ஜாஸ் தாளம்.

எதைப் பற்றி என்று கேள். கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பற்றி. மீட்டர் பார்க்க வருகிறவர் மீட்டர் மட்டும் பார்க்க வரவில்லை என்றாயே, அது முதல் பகுதி. செய்தி வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள் என்றாயே, அது இரண்டாவது. எதிர்வீட்டுக்காரர் உன்னை வேவு பார்க்க ராத்திரியெல்லாம் விளக்கைப் போட்டு வைக்கிறார் என்றாயே, அது மூன்றாவது. நாலாவதுதான் முடிவு. அது வரமாட்டேன் என்கிறது. பயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரிகிறது. எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

ஜூன் மாதம் நகர மண்டபத்தில் கச்சேரி. உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வேறு ஆள் போடச் சொல்லி எல்லோரும் நச்சரிக்கிறார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். பாரிடோன் சாக்ஸபோன் வாசிக்க ஊரில் ஆள் இருக்கிறார்கள். நீ வாசிப்பது போல வாசிக்க இல்லை. உன் பகுதியை இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துப் பார். பிடிக்கவில்லை என்றால் திட்டியாவது எழுது.

உன் அன்புத் தம்பி


(தேதி போடமாட்டேன். தபால் முத்திரையில் பார்த்துக்கொள்.)

டேய் தம்பி,

சாப்பிடுகிறேன் என்று உன் பெண்டாட்டியிடம் சொல். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி நான் சொன்னதை அவள் கேட்டாளா என்று முதலில் சொல்.

உறையைப் பிரிக்கும்போது மேலே ஒட்டியிருந்த டேப் மடங்கியிருந்ததா என்று பார்த்தாயா? நான் மூன்று சுற்று சுற்றி, ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு அனுப்புகிறேன். கோடு விலகியிருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். சிரிக்காதே. "உங்கள் அழைப்பு தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படலாம்" என்று ஒரு குரல் சொல்லுமே, அப்படிப் பதிவான பேச்சையெல்லாம் கேட்கிற வேலையில் நான் எட்டு வருஷம் இருந்தவள். புருஷன் பெண்டாட்டி சண்டை, கடன்காரன் அழுகை எல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு மார்க் போட்டு சம்பளம் வாங்கியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை என்று என்னிடம் வந்து சொல்லாதே. நானே கேட்டேன்.

இப்போது நிம்மதியாகத் துணி தைக்கிறேன். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. துணி ஒட்டுக்கேட்காது.

உன் இசைக்கு வருகிறேன். என் பயத்தை எடுத்துப் பாட்டு போட்டிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம், நாளைக்கு என் செருப்பையும் எடுத்துக்கொள். இரண்டு நாள் கோபத்தில் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தடியனைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். (தடியன் என்றால் என் சாக்ஸபோன் என்று உனக்குத் தெரியும். கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற புண்ணியவானுக்குச் சொல்கிறேன்.) இரண்டாம் பகுதி நடுவில் எனக்கு நீளமாக ஓய்வு போட்டிருக்கிறாய். பக்கத்தில் பாதி வெறும் கோடு. நான் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? என் காகிதத்தில் அது இல்லை. என்னிடம் எதைக் காட்டாமல் வைத்திருக்கிறாய்?

குழுவை விட்டு நான் ஏன் போனேன் என்று நீ இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கே சொன்னேன். சாக்ஸபோன்காரர்கள் முன்வரிசை. பின்னால் டிராம்போன், அதற்கும் பின்னால் டிரம்பெட். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு வரிசை மனுஷர்கள். நாம் ஒத்திகை பார்ப்பது அந்த மரச்சாமான் கடையில். எனக்கு எதிரே கண்ணாடி வைத்த அலமாரி. அந்தக் கண்ணாடியில் எனக்கு நேர் பின்னால் டிராம்போன் ஊதுகிறவர், நாம் மீசை என்று கூப்பிடுகிறவர், தெரிவார். நான் தனியாக வாசிக்கும்போதெல்லாம் அவர் உதடு அசையும். ஒவ்வொரு தடவையும். பக்கத்தில் இருப்பவர் உதடும் அசையும். நான் நிறுத்தினால் நின்றுவிடும். உன்னிடம் சொன்னேன். "யாரும் ஒண்ணும் பேசலக்கா, உனக்குப் பிரமை" என்றாய். நான் கண்ணால் பார்த்ததைப் பிரமை என்றாய். மற்றவர்கள் பேசினது கூட வலிக்கவில்லை, அதுதான் வலித்தது.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

டேப் மடங்கவில்லை, கோடு விலகவில்லை. உறையைப் பிரிப்பதற்குள் என் நகம்தான் பெயர்ந்துவிட்டது.

நீ கேட்டது நியாயம். உன் காகிதத்தில் உன்னுடையது மட்டும்தான் இருக்கும். அதனால் முழு ஸ்கோரையும் அனுப்புகிறேன். ஒவ்வொருவரும் வாசிப்பது ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிறது. நீ சும்மா இருக்கும்போது யார் என்ன செய்கிறார்கள் என்று விரல் வைத்துப் பார்த்துக்கொள். இதில் ஒளித்துவைக்க இடமே இல்லை. தபால்காரர் எடை போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்டுப் பத்திரமா?" என்றார்.

மீசையிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. மனுஷன் டிராம்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அக்காவைப் பத்தி நான் என்ன தம்பி பேசப் போறேன்? அவங்க வாசிக்கிறப்ப இருமலையே அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அக்கா. நீ பொய் சொல்லமாட்டாய். அவரும் சொல்லமாட்டார். நடத்துகிறவன் நான், யார் வாசிக்கிறார்களோ அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சும்மா இருப்பவர்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆகவே பிரமை என்று சொன்னது என் தப்பு. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் காய்ச்சித்தான் குடிக்கிறோம். அவள் சொல்லச் சொன்னாள்.

தம்பி


(முத்திரையைப் பார்)

தம்பிக்கு,

உன் வீட்டுப் பத்திரம் வந்து சேர்ந்தது. தையல் மேஜையைக் காலி பண்ணி, தாள்களைச் சுவரில் வரிசையாகக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். தைக்கக் கொடுத்த பேண்டைத் திரும்ப வாங்க வந்த பையன் ஒருத்தன் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே பணம் கொடுத்துவிட்டு ஓடினான். பார்க்கப் பைத்தியக்காரி வீடு மாதிரிதான் இருக்கிறது.

ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். சொல்லட்டுமா? உனக்குப் பயத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

மீட்டர்காரர் வருகிறார் என்று டிரம்பெட் எல்லாம் சேர்ந்து அலறுகிறது. எதற்கடா அலறல்? பயம் சத்தம் போடாது. சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிடுவார்களே, அப்புறம் என்ன பயம்? அவர் வருவார், மணி அடிப்பார், சிரிப்பார், எழுதிக்கொள்வார், போய்விடுவார். போன பிறகு வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்கும். எப்போதும் இருக்கிற சத்தம்தான். அன்றைக்கு மட்டும் அது யாருக்கோ சேதி சொல்வது போல இருக்கும். அதை எழுது. டிராம்போன் வாயில் அந்தக் கிண்ணத்தை வைத்து அடைக்கச் சொல். ஒரே ஸ்வரம், விடாமல். மேலே அந்தப் புல்லாங்குழல் ரொம்ப மரியாதையாகப் பேசட்டும். மரியாதையாகப் பேசுகிறவர்கள் வந்தால்தான் நான் இரண்டாவது தாழ்ப்பாளையும் போடுவேன்.

இரண்டாம் பகுதி, செய்தி வாசிக்கிறவர்கள். அங்கே ஆளுக்கொரு பக்கம் வாசிக்கிறார்கள். தப்பு. எல்லோரும் ஒரே மெட்டை, ஒரே நேரத்தில், ஒரு பிசிறு இல்லாமல் வாசிக்க வேண்டும். அழகாக இருக்க வேண்டும். அவ்வளவு பேரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதைக் கேட்டு, வந்தவன் வெளியே போகிற கதவைத் தேட வேண்டும்.

மூன்றாம் பகுதியை வாசித்துப் பார்த்தேன். அது பரவாயில்லை. இன்னொன்று கேள். பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினேன். கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டுக்காரர்! சங்கிலியைப் போட்டுக்கொண்டே திறந்தேன். "அந்தக் கடைசித் துண்டு ஏன் பாதியில நின்னுடுச்சு? நல்லா இருந்துச்சே" என்றார். பார்த்தாயா? ஒட்டுக்கேட்கிறார் என்று சொன்னேனா இல்லையா? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்!

மிச்சத்தையும் வாசித்துவிட்டுத்தான் படுத்தேன்.

அக்கா


ஏப்ரல் 14

என் அக்காவுக்கு,

நீ சொன்னபடியே எல்லாவற்றையும் அடித்துத் திருத்தி எழுதினேன். போன வாரம் கடை விடுமுறை நாளில் எடுத்து வாசித்தோம். ஃப்ரிட்ஜ் இடம் வந்ததும் டிரம்ஸ்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்! பின்னால் ஒன்றுமில்லை, வெறும் சாப்பாட்டு மேஜை. அந்த ஒரே மெட்டு இடம் முடிந்ததும் எல்லோரும் தாளைத் திருப்பி மறுபடி பார்த்தார்கள். டிரம்பெட் முதல் நாற்காலியில் நம் கணக்கு டீச்சர் இருக்கிறாரே, அவர் மட்டும், "இதை எழுதுனது நீ இல்லையே?" என்றார். இல்லை என்றேன்.

அக்கா, வந்துவிடு. மன்றாடிக் கேட்கிறேன். இந்தத் தொகுப்பு உன்னுடையது. உன் தடியன் இல்லாமல் அடித்தளமே இல்லை. பதினாறு பேரும் அந்தரத்தில் தொங்குகிறோம்.

முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது என்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். வரிசையே வேண்டாம். வட்டமாக உட்காருவோம். எல்லோர் முதுகுக்கும் பின்னால் சுவர் அல்லது சோபா. எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும். டீச்சருக்குக் கோபமான கோபம். "டிரம்ஸை நேருக்கு நேர் பாத்து ஊதச் சொல்றியா? என் காது என்னத்துக்கு ஆகும்?" என்றார். கடைக்காரர் இன்னொரு பக்கம், சோபாவை நகர்த்தினால் கால் கீறிவிடும் என்று ஒரே புலம்பல். கடைசியில் டீச்சரே காதுக்குப் பஞ்சு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், கடைக்காரர் சோபாக் காலுக்குச் சாக்கு கட்டிவிட்டார். புதிதாக ஒரு வயலின் பெண் வந்திருக்கிறாள். உன்னைப் பார்த்ததே இல்லை. "அக்கா எப்ப வருவாங்க?" என்று அவளும் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

நாலாவது பகுதி இன்னும் வெறும் தாளாகத்தான் இருக்கிறது. முடிவு இல்லாமல் ஜூன் வரப்போகிறது. நீ வந்தால் ஏதாவது தோன்றும்.

உன் தம்பி


தம்பிக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறதடா.

வேறெப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உனக்கு நான் சத்தம் போடுகிற அக்கா. இரண்டு தெரு தள்ளி நூல் வாங்கப் போவதற்குக் காலையிலிருந்து மனசைத் தயார் பண்ணுகிறேன் என்று உனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் கைப்பேசி வைத்திருக்கிற அத்தனை பேரும் என்னைப் படம் எடுப்பது போல இருக்கும். அப்படி இல்லை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுகிறேன்.

அந்த வட்டத்தைப் பற்றி யோசித்தேன். எனக்காகச் சோபாவுக்குச் சாக்கு கட்டினார்கள் என்றாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வருகிறேன். அடுத்த விடுமுறை நாள் ஒத்திகைக்கு. எல்லோர் கைப்பேசியும் அந்த அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட வேண்டும். சாவி என்னிடம். யாரும் என்னை விசாரிக்கக் கூடாது; "இப்ப எப்படி இருக்கீங்க" என்று இழுத்து ஒரு குரலில் கேட்பார்களே, அது கூடவே கூடாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வாசிக்கும்போது ஒரே ஒரு உதடு அசைந்தாலும் தடியனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்புறம் நீ கடிதம் எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன். மிரட்டவில்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

அக்கா


மே 3

அக்கா,

அலமாரியைக் காலி பண்ணிவிட்டோம். சாவி உன் நாற்காலியில் இருக்கும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்டால் டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். பஸ் நிறுத்தத்தில் நான் நிற்கமாட்டேன், நின்றால் கண்காணிக்கிறேன் என்பாய். கடை வாசலில் நிற்பேன். அது கடமை.

வா.

தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

தேதி போட்டிருக்கிறேன், கவனித்தாயா?

நேற்று உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். நீ வாசலில் முகம் செத்துப்போய் நின்றாய். கோபத்தில் போகிறேன் என்று நினைத்திருப்பாய். இல்லையடா. வாய் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. பதினாறு பேர் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. நடந்ததை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதல் பகுதி முழுக்க நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாளையே பார்த்து வாசித்தேன். இரண்டாவதில் அந்த நீள ஓய்வு வந்தது. அந்த வயலின் பெண் தனியாக வாசித்தாள். எவ்வளவு நன்றாக வாசிக்கிறாள்! நான் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

டீ இடைவேளையில் அவள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் வாசிக்கிறப்ப என்னைப் பாத்து ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தீங்க. எங்கயாவது தப்பு விட்டேனா?" என்றாள்.

"நானா? நான் வாயே திறக்கலையே!" என்றேன்.

"இல்லக்கா, பாத்தேன். உதடு அசைஞ்சுச்சு" என்றாள். பாவம், கண்ணில் தண்ணீர் வேறு.

எனக்கு வந்தது ஆத்திரம். எனக்குப் பிரமை என்று சொன்னபோது உன் மேல் வந்ததே, அதே ஆத்திரம். இந்தப் பெண் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாள், நான் செய்யவே இல்லை. அப்படியானால் இவளுக்குப் பிரமையா? சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

டீ முடிந்து மறுபடி அந்த இடத்திலிருந்து ஆரம்பித்தாய். அவள் வாசிக்க, எனக்கு ஓய்வு. எதிரே அந்தக் கண்ணாடி அலமாரி. மெதுவாக நிமிர்ந்து என்னையே பார்த்தேன்.

தம்பி, என் உதடு அசைந்துகொண்டிருந்தது! ஒன்று இரண்டு மூன்று நாலு. இரண்டு இரண்டு மூன்று நாலு. மூன்று இரண்டு மூன்று நாலு. ஒவ்வொரு நாலு தட்டுக்கும் முதல் எண்ணை மாற்றி, எத்தனை பார் போயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கே உள்ளே வர வேண்டும் என்று தவறவிடாமல் இருக்க. இத்தனை வருஷமாக மனசுக்குள் எண்ணுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். டீச்சர் உதடு அசைகிறது. புல்லாங்குழல்காரன் உதடு அசைகிறது. மீசைக்கு மீசையே அசைகிறது. ஒருத்தரும் ஒருத்தரையும் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தன் ஓய்வைத் தானே எண்ணிக்கொண்டு, எங்கே தவறிவிடுவோமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் தனியாக வாசிக்கும்போது டிராம்போன்களுக்கு ஓய்வு. வேறென்ன செய்வார்கள்? நான் நிறுத்தினால் அவர்கள் ஊத ஆரம்பிக்க வேண்டும், அப்போது உதடு எப்படி அசையும்? நான் பார்த்தது நிஜம். நான் நினைத்தது நிஜமில்லை. அதனால் ஒரு வருஷம் போய்விட்டது. மீசை முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் ஓடினேன்.

அதற்காக எல்லாம் தெளிந்துவிட்டது என்று உன் பெண்டாட்டியிடம் போய்க் குதிக்காதே. மீட்டர்காரர் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். தண்ணீரைக் காய்ச்சுவதை நிறுத்தாதீர்கள். இன்று காலை நூல் வாங்கப் போனேன், பாதித் தெருவில் திரும்பிவிடலாமா என்று நின்றேன், போய்விட்டு வந்தேன்.

உனக்கு முடிவு வேண்டும் என்றாயே. எழுதிக்கொள். மண்டபத்தில் வெளிச்சம் குறையட்டும். யாரும் வாசிக்கக் கூடாது. எல்லோரும் முணுமுணுக்க வேண்டும், என்ன என்று புரியாமல். வந்திருக்கிற சனம் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நெளியட்டும். கொஞ்சம் நெளியவிடு, நான் ஒரு வருஷம் நெளிந்தேன். பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறட்டும். எண்கள் என்று தெரியட்டும். யாருக்கு எண்ணி முடிகிறதோ அவர்கள் வாத்தியத்தை எடுத்து உள்ளே வரட்டும். முதலில் அந்தப் பெண்ணின் வயலின். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியில் ஒரே ஒரு குரல் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். அது நானாக இருக்கட்டும். நானும் முடித்துவிட்டு உள்ளே வருகிறேன்.

கச்சேரிக்கு வட்டம் வேண்டாம். டீச்சர் காது பாவம். பழையபடி வரிசை போடு. மீசையை எனக்கு நேர் பின்னால் உட்கார வை. கொஞ்சம் சத்தமாகவே எண்ணச் சொல், எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா

பி.கு.: டேப் தீர்ந்துவிட்டது. உறையை வெறும் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறேன். வழியில் யாராவது பிரித்துப் படித்தால், கச்சேரி ஜூன் முதல் சனிக்கிழமை, மாலை ஆறு மணி. அவர்களும் வரட்டும்.